நிற்காமல் ஆடப் பழகியவள்

அவள் இப்போது அவளுடைய நாட்டு டிவியில் மந்திரிகளை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்கிறாள். அயர்லாந்து அரசியலை அஜ்மானில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஆனாலும் போனில் அவள் முகம் வந்துவிட்டால் அடுப்பைத் தணித்துவிட்டுப் பார்க்கிறேன். கீழே யாராவது ஒருவர் தவறாமல் எழுதியிருப்பார், இந்த அம்மா முன்பு டான்ஸராக இருந்தவராமே என்று. படித்ததும் எனக்குச் சுருக்கென்று இருக்கும். டான்ஸ் ஆடியவள் செய்தி சொன்னால் என்ன குடி முழுகிவிடும்? பத்து நிமிஷம் திட்டிக்கொண்டே இருந்துவிட்டுத்தான் மறுபடியும் அடுப்பைக் கூட்டுவேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் துபாயில் ஒரு சின்ன இங்கிலீஷ் செய்திச் சேனலில் நான் வீடியோ எடிட்டராக இருந்தேன். எனக்கு ஊர் தூத்துக்குடி. வீடு அஜ்மானில், ஏனென்றால் துபாய் வாடகையைக் கேட்டாலே என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு அடைக்கும். காலையில் பஸ் ஏறினால் ஷார்ஜா நெரிசலில் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கலாம். எடிட்டர் வேலை, அடுத்தவர் விஷயத்தில் ஆசை உள்ளவர்களுக்கென்றே அமைந்த வேலை. ஜனங்கள் ரிப்போர்ட்டரை ஒரு நிமிஷம் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அவர் மூக்கைச் சொறிந்தது, சொல்ல வந்ததை மறந்து தன்னையே திட்டிக்கொண்டது, கேமராமேனிடம் எரிந்து விழுந்தது எல்லாவற்றையும் நாங்கள் பார்ப்போம். சம்பளமும் கொடுத்து வம்பும் கொடுக்கிற உத்தியோகம் வேறு எங்கே கிடைக்கும்?

அவள் ரிப்போர்ட்டராகச் சேர்ந்தபோது ஆபீஸில் எல்லோரும் அவளை ‘டான்ஸ் மேடம்’ என்றுதான் சொன்னார்கள். கதை எங்களுக்குத் துண்டு துண்டாகத் தெரியும். ஒரு பெரிய நடனக் குழுவோடு குளிர்காலத்தில் இங்கே ஆட வந்தவள். கணுக்கால் போய்விட்டது. குழு அடுத்த நாட்டுக்குக் கிளம்பிவிட, அவள் மட்டும் காலில் கட்டோடு தங்கிவிட்டாள். கொஞ்ச நாள் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தாள். பிறகு எங்கள் சேனலில் வானிலை வாசிக்க வந்தாள். வளைகுடாவில் வானிலை வாசிப்பதைப் போல சுகமான வேலை கிடையாது. இன்றைக்கும் வெயில், நாளைக்கும் வெயில். அதை விட்டுவிட்டு, செய்திக்குப் போகிறேன் என்று அவளாகவே கேட்டு வாங்கினாள். ஆறு மாதம் தகுதிகாண் காலம். முடிவில் செய்தித் தலைவர் கையெழுத்துப் போட்டால் வேலை நிலைக்கும். இல்லையென்றால் விசா ரத்து, மூட்டை கட்ட வேண்டியதுதான். இங்கே வேலையும் விசாவும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள்; ஒன்று போனால் மற்றதும் போய்விடும்.

முதல் நாள் எடிட் ரூமுக்கு டேப்பை எடுத்துக்கொண்டு வந்தவளிடம் நான் வணக்கம்கூட ஒழுங்காகச் சொல்லவில்லை. நேரே கேட்டுவிட்டேன்: “டான்ஸ்ல இருந்து இதுக்கு எதுக்கு வந்தே?”

அவள் பேசியதெல்லாம் இங்கிலீஷ். அதிலும் அவள் ஊர் இங்கிலீஷ், வார்த்தைகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும். முதல் வாரம் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. என் மனசில் அது தமிழாக விழுந்தபடியே எழுதுகிறேன்.

“எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க. நீயாவது டேப்பை வாங்கிட்டுக் கேட்டிருக்கலாம்” என்றாள்.

எனக்குப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து டீ குடிக்கிற நேரமெல்லாம் அவளைக் குடைய ஆரம்பித்தேன்.

அவர்கள் ஆட்டத்தில் கைக்கு வேலையே கிடையாதாம். இரண்டு கையையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, காலை மட்டும் ஆட வேண்டும். எனக்கு நம்பவே முடியவில்லை. நம் ஆட்டத்தில் கை பேசும், கண் பேசும், கழுத்துகூடப் பேசும். “கையக் கட்டிப் போட்டா எங்க ஊர்ல மீன்காரம்மாகூட வியாபாரம் பண்ண முடியாதே!” என்றேன். அவள் சிரித்தாள். போட்டிக்குப் போகும்போது சுருள் சுருளாகப் பொய்முடி வைப்பார்களாம். முழங்கால்வரை போடுகிற சாக்ஸ் நழுவக் கூடாது என்பதற்காகக் காலில் பசை தடவி ஒட்டுவார்களாம். இதற்கென்றே தனிப் பசை விற்கிறதாம். ராத்திரி அதைப் பிரித்து எடுக்கும்போது ரோமமெல்லாம் சேர்ந்து வருமே என்று நான் கவலைப்பட்டேன். வரும் என்றாள்.

“ஒரே ஒரு தடவை ஆடிக் காட்டு” என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மாட்டாள். ரொம்பவும் நச்சரித்தால் எடிட் மேஜையில் இரண்டு விரலை நிறுத்தி, அவற்றைக் கால்களாக்கி ஆடிக் காட்டுவாள். அந்த இரண்டு விரலும் மேஜையில் போடுகிற தாளத்தைக் கேட்டாலே எனக்குப் பின்கழுத்து சிலிர்க்கும். விரலே இப்படி என்றால் கால் எப்படி இருக்கும்? இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் ஆடி நான் பார்த்ததே இல்லை.

ஏன் ஆட மாட்டேன் என்கிறாய் என்று ஒரு நாள் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அன்றைக்குத்தான் சிரிக்காமல் பதில் சொன்னாள்.

“இங்க ஒரு தடவை ஆடிட்டேன்னா முடிஞ்சுது. அதுக்கப்புறம் நான் எந்தச் செய்தி கொண்டு வந்தாலும் ‘டான்ஸர் கொண்டு வந்தது’ன்னுதான் சொல்வாங்க. எனக்கு இந்த வேலை வேணும். டான்ஸர்னு சேர்த்துச் சொல்லாம, ரிப்போர்ட்டர்னு மட்டும் ஒரு ஆள் என்னைக் கூப்பிடணும். அவ்வளவுதான் ஆசை.”

அது அப்படியொன்றும் பெரிய ஆசையாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவள் ஒவ்வொரு நாளும் அதற்காகத்தான் ஓடினாள் என்பது பிறகு புரிந்தது.

ஆரம்பத்தில் ரிப்போர்ட்டர் வேலை அவளுக்குச் சிரிப்பாய்ச் சிரித்தது. கேமரா முன்னால் நின்றால் கை இரண்டும் தானாகப் போய் இடுப்போடு ஒட்டிக்கொள்ளும். கடைக்கு வெளியே நிறுத்திவைத்த துணிக்கடை பொம்மையைப் போல நிற்பாள். செய்தித் தலைவர் லெபனான்காரர், பேசினாலே சத்தம். “கையை அசை! உயிரோட இருக்கியா?” என்று கத்துவார். அவள் அசைப்பாள், அது இன்னும் கோரமாக இருக்கும். கடைசியில் நான்தான் சொன்னேன், ஒரு கையில் மைக்கைப் பிடி, இன்னொரு கையில் ஏதாவது ஒரு தாளைப் பிடி, அதற்கு மேல் கையைப் பற்றி நினைக்காதே என்று. அதிலிருந்து பிழைத்தோம். எனக்கு மட்டும் ஒரு விஷயம் மனசில் ஓடிக்கொண்டே இருக்கும். டிவியில் இடுப்புக்கு மேலேதான் தெரியும். சின்ன வயசிலிருந்து அவள் பாடுபட்டுப் பழகியதெல்லாம் படத்துக்குக் கீழே, யார் கண்ணிலும் படாத இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

இன்னொன்றும் அவளைக் கேட்டேன். “ஆடும்போது கால் தப்பிப்போச்சுன்னா என்ன செய்வே?”

“நிக்கக் கூடாது” என்றாள் உடனே. “எதிர்ல நடுவர் உட்கார்ந்து எழுதிட்டிருப்பார். வாத்தியக்காரர் உனக்காக நிறுத்த மாட்டார். விட்ட அடி போச்சு, அதைத் திரும்பிப் பாக்காதே, அடுத்த அடியைப் பிடி. முகத்துல தெரியவே கூடாது. நின்னா ஆட்டத்தை விட்டே வெளியே. நடக்கப் பழகினதுக்கு அப்புறம் எங்களுக்குச் சொல்லித் தர்றதே இதுதான்.”

குழம்பு அடிப்பிடித்தால் நாங்களும் அப்படித்தான், முகத்தில் காட்டாமல் பரிமாறிவிடுவோம் என்றேன். அது ரொம்ப நேரம் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

ஐந்தாவது மாதத்தில் கப்பல் வந்தது. கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரர். அஜ்மான் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல்களுக்கு அரிசி, பருப்பு, காய்கறி ஏற்றிவிடுகிற கடையில் அவருக்கு வேலை. சாப்பிடும்போது சொன்னார்.

“ஏளா, புஜைராவுக்கு வெளிய கடல்ல ஒரு கப்பல் சும்மா கெடக்குதாம். முதலாளி போனயே எடுக்க மாட்டேங்கானாம். டீசல் கிடையாது, தண்ணி கேன்ல போகுது. சரங்கு நம்ம ஊர்க்காரன்.”

சரங்கு என்றால் கப்பலில் மற்ற ஆட்களை வேலை வாங்குகிறவர். மறுநாள் முதல் வேலையாக இதை அவளிடம் சொன்னேன். அவள் போய்த் தலைவரிடம் கேட்டாள். வேறு யாரும் அந்த வெயிலில் படகேறிப் போகத் தயாராக இல்லாததால், போ என்றுவிட்டார்.

போய் வந்த டேப்பை நான்தான் வெட்டினேன். சரங்கின் தமிழை இங்கிலீஷில் எழுதிப் போட்டதும் நான்தான். அவருக்கு நாற்பது வயசுக்குள்தான் இருக்கும், ஆனால் தாடி வெளுத்திருந்தது. அவளுடைய கேள்விகளைக் கப்பலில் இருந்த இன்னொருவர் ஹிந்தியில் மாற்றிக் கேட்க, இவர் கேமராவைப் பார்க்காமல் கடலைப் பார்த்தே தமிழில் பதில் சொன்னார். “மத்தவங்கள அனுப்பிருவாங்க போல. நாலு பேரு மட்டும் நிக்கணுமாம். கப்பல ஆளில்லாம விட்டா எங்கயாவது போயி இடிச்சிரும்லா? நான் சரங்கு. நான் நிக்காம வேற யாரு நிப்பா?” இதைச் சொல்லிவிட்டு, வீட்டில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்றார். அந்த நாலு பேரும் கடைசியில் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்; மழைக்காலம் ஆகிவிட்டது, ஆனாலும் சேர்ந்துவிட்டார்கள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மீதியை நீங்கள் பதற்றத்தோடு படிப்பீர்கள். அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது.

அவளுடைய செய்தி நன்றாக ஓடியது. தூதரகம் அசைந்தது, துறைமுகத்தார் கூடிப் பேசினார்கள். அந்த நாலு பேரைத் தவிர மற்றவர்களை அந்த வாரமே விமானத்தில் அனுப்பிவிடுவதாக முடிவாயிற்று. மத்தியானச் செய்தியில் புஜைரா துறைமுகத்திலிருந்து அவள் நேரலையில் இதைச் சொல்ல வேண்டும். அவள் செய்த முதல் பெரிய நேரலை அது. எடிட் ரூமில் என் முன்னால் இருந்த திரையில் அவள் நின்றாள். பின்னால் கடல், ஒரு கையில் மைக், ஒரு கையில் தாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. காதில் ஸ்டூடியோவிலிருந்து, முடி, முடி, நேரமில்லை என்று அவசரப்படுத்தியிருக்கிறார்கள். அவள் கடைசி வாக்கியத்தைச் சொன்னாள்: கப்பலில் உள்ள எல்லோரும் இந்த வாரம் வீடு திரும்புகிறார்கள்.

நாலு பேரைத் தவிர என்பது விழுந்துவிட்டது.

அது விழுந்ததை அவளும் அந்த நொடியிலேயே பார்த்துவிட்டாள். எனக்குத் தெரியும், அவள் முகத்தை எத்தனை மணி நேரம் பார்த்திருக்கிறேன்! கண் ஒரு தடவை உள்ளே போய் வந்தது. அடுத்த கணம் முகம் வழவழவென்று ஆகிவிட்டது, ஒன்றுமே நடக்காததைப் போல. தன் பெயரைச் சொன்னாள், இடத்தைச் சொன்னாள், முடித்துவிட்டாள். ‘எல்லோரும் இல்லை, நாலு பேர் இருக்கிறார்கள்’ என்று சொல்ல இரண்டு விநாடி போதும். வேறு எந்த ரிப்போர்ட்டராக இருந்தாலும் நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்தியிருப்பார்கள். இவளால் முடியவில்லை. விட்ட அடியைத் திரும்பிப் பார்க்காதே என்று குழந்தையிலிருந்து ஊறிப்போனது, யோசிப்பதற்கு முன்னால் அவளை அடுத்த அடிக்குத் தள்ளிவிட்டது.

அவள் திரும்பி வருவதற்குள் செய்தித் தலைவர் என்னிடமே வந்து பாராட்டினார். “பார்த்தியா, எவ்வளவு சுத்தமா முடிச்சா! அடுத்த வாரம் கையெழுத்துப் போட்டுடறேன்.” தவறை அவர் கவனிக்கவே இல்லை. நான் சொன்னேன். தோளைக் குலுக்கினார். யாரும் கவனிக்கவில்லை, கலாஸ், விஷயம் முடிந்தது என்றார்.

கவனித்தவர் சவூதியில், ஜெத்தாவில் இருந்தார். அங்கே ஷரஃபியா பகுதியில் ஒரு ஹோட்டலில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் சரங்கின் தம்பி. ஹோட்டல் சுவரில் எங்கள் சேனல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. சரங்கு கொடுத்திருந்த நம்பரை வைத்து, சாயங்காலம் என் வீட்டுக்காரரின் மொபைலுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டார், சந்தோஷத்தில் அந்தப் பையனுக்குக் குரல் உடைந்திருந்தது.

“அண்ணாச்சி, டிவியில சொல்லிட்டாவ! எல்லாரும் இந்த வாரமே ஊருக்காம். கடைய அப்படியே போட்டுட்டு மதினிக்குப் போன் போட்டேன். மதினி அழுதே போட்டாவ. அக்காட்டச் சொல்லுங்க, அந்த வெள்ளக்காரம்மாவுக்குப் புண்ணியமாப் போகட்டும்!”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் போனை வாங்கினேன்.

“தம்பி, உங்க அண்ணன் அதுல இல்ல. நாலு பேர் நிக்கணும். அதுல அவரும் ஒருத்தர்.”

“டிவியில சொன்னாவளே அக்கா.”

“தப்பாச் சொல்லிட்டாங்க.”

“டிவி தப்பாச் சொல்லுமா?” என்றார் அவர். பிறகு குரல் மாறிவிட்டது. “அப்ப டிவியே வந்து சொல்லட்டும். மதினிட்ட என்னால சொல்ல முடியாது. என்னால முடியாதுக்கா.”

மறுநாள் காலையில் அவள் பையைக் கீழே வைப்பதற்குள் நான் எல்லாவற்றையும் சொன்னேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம், எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

“சொல்லும்போதே எனக்குத் தெரிஞ்சது” என்றாள்.

“தெரியும். பாத்தேன்.”

“அப்படியே போயிட்டேன். ஏன் போனேன்?”

அதற்கு என்னிடமும் பதில் இருந்தது, அவளிடமும் இருந்தது.

நேரே செய்தித் தலைவர் அறைக்குப் போனாள். கண்ணாடி அறை, சத்தம் எங்கள்வரை வந்தது. இன்றைய செய்தியில் திருத்தம் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். அவர் மாட்டேன் என்றார். யாரும் கேட்காதபோது நாமாகப் போய்த் தப்பு செய்தோம் என்று சொன்னால் மேலே இருப்பவர்கள் என்னைக் கேட்பார்கள், உன்னைக் கற்றுக்குட்டி என்பார்கள், நான் கையெழுத்துப் போட வேண்டிய உன் தாள் என் மேஜையில் இருக்கிறது, கெடுத்துக்கொள்ளாதே என்றார். நான் சொல்லிவிடுகிறேன், அவர் கெட்ட மனுஷன் இல்லை. அவளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார். புஜைராவை வேறு ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லி, அன்றைக்கு அவளைத் துபாயில் ஒரு புது ஷாப்பிங் மாலின் திறப்பு விழாவுக்கு அனுப்பினார்.

மத்தியானச் செய்தியில் அந்த மாலிலிருந்து நேரலை வந்தாள். பின்னால் நீரூற்று, பலூன், கையில் பொட்டலங்களோடு ஜனங்கள். நான் வேலையை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தேன். எத்தனை கடைகள், எவ்வளவு பெரிய கூரை என்று சொல்லிக்கொண்டே வந்தவள், பாதி வாக்கியத்தில் நின்றாள்.

நேரலையில் மௌனம் எவ்வளவு நீளம் என்பது அந்த வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்குப் பின்னால் யாரோ ஐயோ என்றார்கள். கேமரா கோளாறு என்றுகூட நினைத்தோம். அவள் பலூன்களுக்கு முன்னால் ஒரு மூச்சு விட்டுக்கொண்டு, தெளிவாகச் சொன்னாள்: நேற்று புஜைரா கப்பலில் உள்ள எல்லோரும் வீடு திரும்புவதாகச் சொன்னேன். அது தவறு. நாலு பேர் கப்பலிலேயே இருக்கிறார்கள், எப்போது போவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. தவறு என்று அப்போதே எனக்குத் தெரிந்தது, நான் நிறுத்தவில்லை. அவர்கள் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அதற்குள் ஸ்டூடியோவில் படத்தை வெட்டிவிட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமையாகவும் இருந்தது, இந்தக் கழுதை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாளே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. மத்தியானம் அவள் தன் சின்ன வாடகைக் காரில் அஜ்மானுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மீன் குழம்பு வைத்திருந்தேன். காரத்தில் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்த பிறகுதான் நடந்ததைச் சொன்னாள். காலையில் செய்தித் தலைவர் அவளை ஒரு காபிக் கடைக்கு வரச் சொல்லியிருக்கிறார். செய்தியில் இனி வைக்க முடியாது என்று மேலே சொல்லிவிட்டார்களாம். ஆனால் அவருக்கு அவள்மேல் இரக்கம். கலை, கொண்டாட்டம் என்று வாரம் ஒரு நிகழ்ச்சி தொடங்கப் போகிறார்கள், அதை அவளுக்கே கொடுக்கிறேன், விசாவும் சம்பளமும் கூட வரும் என்றாராம். ஒவ்வொரு வாரமும் தொடக்கத்தில் அவள் கொஞ்சம் ஆட வேண்டும். அவ்வளவுதான்.

“என்ன சொன்னே?” என்றேன்.

“மாட்டேன்னு சொல்லிட்டேன். ஆபீஸ் அட்டையைக் கொடுத்துட்டு வந்துட்டேன்.”

விசா ரத்தானால் கிளம்புவதற்கு ஒரு மாதம் அவகாசம் உண்டு. என் வீட்டுக்காரர் அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில், வேற இடம் பாக்கலாம், நோ டென்ஷன் என்றார். அவள் தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“நான் அதுக்கு வரலை. அந்தத் தம்பி அவர் மதினிகிட்டச் சொல்லிட்டாரா?”

சொல்லியிருக்கவில்லை. திருத்தத்தை ஹோட்டலில் பார்த்திருக்கிறார். பார்த்த பிறகும் போனை எடுக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. நம்பரை மட்டும் எங்களிடம் கொடுத்திருந்தார். தூத்துக்குடியில் சரங்கின் மனைவி இன்னும் புருஷன் வருவான் என்றே இருந்தாள்.

“போன் போடு. நான் பேசணும்” என்றாள்.

“அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. உனக்குத் தமிழ் தெரியாது.”

“அதுக்குத்தான் நீ இருக்கே.”

போன் கார்டின் நம்பர்களை என் வீட்டுக்காரர் அழுத்தினார். முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் அந்தப் பெண் எடுத்துவிட்டாள். போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருப்பாள் போல. நான் யார் என்று சொல்லி, விஷயத்தையும் சொன்னேன். இப்படிப்பட்ட விஷயத்தைச் சுற்றி வளைக்கக் கூடாது. டிவியில் சொன்ன பெண் என் பக்கத்தில்தான் இருக்கிறாள், மன்னிப்புக் கேட்கிறாள் என்றும் சொன்னேன்.

அந்தப் பெண் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எனக்குப் பரவாயில்லக்கா. அவிய கப்பலுக்குப் போன நாள்ல இருந்து எனக்கு இதுதான் வேல. பிள்ளைட்டச் சொல்லிட்டேனே. பள்ளிக்கூடத்துல ஒருத்தர் விடாம சொல்லிட்டு வந்திருக்கா, அப்பா வாராவன்னு. இனி நான் இல்லன்னு சொன்னா, நீதான் வேணும்னே சொல்லுதேன்னு எம்மேல விழுவா. சொன்ன ஆளே சொல்லட்டும். இன்னா, பிள்ளைட்டக் குடுக்கேன்.”

நான் ஒன்றும் சொல்வதற்குள் போன் கை மாறிவிட்டது. குழந்தைக்கு என்ன வயசு என்று தெரியவில்லை, எட்டு இருக்கலாம். “ஹலோ” என்றது. போனைக் கையால் பொத்திக்கொண்டு, அம்மா சொன்னதை அப்படியே அவளிடம் சொன்னேன். ஒரு சொல்லைக்கூடக் குறைக்கவில்லை.

“தமிழ்ல எப்படிச் சொல்லணும்?” என்றாள்.

சொல்லிக் கொடுத்தேன். இரண்டு முறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனை வாங்கினாள். “அப்பா இந்த வாரம்...” என்று தொடங்கி, தடுக்கி, நின்றாள். நான் எடுத்துக் கொடுக்கப் போனேன். கையைக் காட்டித் தடுத்துவிட்டாள். மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். “அப்பா இந்த வாரம் வரல. நான் தப்பாச் சொல்லிட்டேன்.”

என் வீட்டுக்காரர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அப்புறம் குழந்தை ஏதோ கேட்டது. அவள் போனை என் காதருகே நீட்டினாள்.

“அப்ப எப்ப வருவாவ?” குழந்தை மறுபடி கேட்டது.

சொன்னேன். அவள் யோசிக்கவில்லை.

“எனக்குத் தெரியாதுன்னு சொல்லு. கேட்டுச் சொல்றேன்னு சொல்லு.”

வேலை இல்லை, அட்டை இல்லை, கேமரா இல்லை, ஒரு மாதத்தில் நாட்டை விட்டுப் போக வேண்டியவள். யாரிடம் போய்க் கேட்பாள்? இதை அவளிடம் நான் சொல்லவில்லை. குழந்தையிடம் மட்டும் அவள் சொன்னதைச் சொன்னேன். குழந்தை விடவில்லை.

“எப்பக் கேட்டுச் சொல்லுவீங்க? நாளைக்குச் சனிக்கிழமையும் பள்ளிக்கூடம் இருக்கு, விட்டு வந்து போன்கிட்டயே இருப்பேன். சொல்லச் சொல்லுங்க.”

அதையும் சொன்னேன். அவள் ஏற்கனவே எழுந்துவிட்டாள். மேஜையிலிருந்து கார் சாவியை எடுத்துக்கொண்டே, புஜைராவுக்கு இங்கிருந்து எந்த வழி பக்கம் என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டாள். தைத் ரோடு என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்தாள்.

“நீயும் வா. சரங்குகிட்டப் பேசணும்னா நீ வேணும். அதுக்கு முன்னாடி, ஸ்கூல் எத்தனை மணிக்கு விடும்னு கேளு.”

கேட்டேன். நாலு மணி என்றது குழந்தை. அங்கே நாலு என்றால் நமக்கு இரண்டரை என்று நான் சொல்லும்போது அவள் படி இறங்கிக்கொண்டிருந்தாள்.